டர்பைன் ரோட்டார் இன்னும் எத்தனை ஸ்டார்ட் தாங்கும்? வெப்பச் சோர்வைக் கணக்கிடப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலக்கரி அனல்மின் நிலையங்கள் இரவும் பகலும் ஒரே சுமையில் ஓடுவதற்காகக் கட்டப்பட்டவை. இன்று பகலில் சூரிய மின்சாரம் ஏறும்போது அவை சுமையைக் குறைக்கின்றன, மாலையில் வேகமாக ஏற்றுகின்றன. சில அலகுகள் நிறுத்தப்பட்டு மறுபடி கிளப்பப்படுகின்றன. மத்திய மின்சார ஆணையம் 2023-இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகள் நிலக்கரி அலகுகள் 40 சதவீதச் சுமை வரை இறங்கி ஓட வேண்டும் என்கின்றன. எனவே "எத்தனை மணி நேரம் ஓடியது?" என்ற கேள்வி மட்டும் இனிப் போதாது. எத்தனை முறை சூடாகிக் குளிர்ந்தது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு வேகத்தில் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்ளும் உதாரணம் 210 மெகாவாட் நீராவி டர்பைனின் உயர் அழுத்த ரோட்டார், அதாவது பிளேடுகளைத் தாங்கிச் சுழலும் தண்டு. தூத்துக்குடியில் 5, மேட்டூரில் 4 என்று நாடு முழுக்க இந்த அளவு அலகுகள் நிறைய உள்ளன. நீராவி ஏறத்தாழ 535 டிகிரி செல்சியஸில் உள்ளே வருகிறது. ரோட்டார் 1 சதவீதக் குரோமியம் கொண்ட குரோமியம்–மாலிப்டினம்–வனேடியம் எஃகு. இதே முறையை ஸ்டாப் வால்வு (டர்பைனுக்குப் போகும் நீராவியைத் திறந்து மூடும் வால்வு) உடலுக்கும் கேசிங்குக்கும் (ரோட்டாரைச் சூழ்ந்த கூடு) பயன்படுத்தலாம். மாறுவது வடிவமும் பொருளின் எண்களும்தான்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

உலோகத்தைச் சோர்வடையச் செய்வது வெறும் வெப்பநிலை அல்ல, உலோகத்துக்குள்ளேயே ஒரு இடத்துக்கும் இன்னொரு இடத்துக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம். நீராவி பட்டதும் ரோட்டாரின் மேற்பரப்பு சூடாகி விரியப் பார்க்கிறது. உள்ளே குளிர்ந்திருக்கும் உலோகம் அதை விடுவதில்லை. மேற்பரப்பு நசுங்குகிறது, நடுப்பகுதி இழுபடுகிறது. நிறுத்தும்போது எல்லாம் தலைகீழ்: மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இழுவிசையில் மாட்டுகிறது. ஒரு ஸ்டார்ட்டும் ஒரு நிறுத்தமும் சேர்ந்து ஒரு சுழற்சி. இப்படிச் சில ஆயிரம் சுழற்சிகளிலேயே விரிசல் பிறக்கக்கூடும். இதைத்தான் குறைந்த சுழற்சிச் சோர்வு என்கிறோம்.

இதோடு க்ரீப்பும் உண்டு. 500 டிகிரிக்கு மேல், தகைவு (ஒரு அலகுப் பரப்பில் உலோகம் தாங்கும் விசை) மாறாமல் நின்றாலும் எஃகு மெதுவாக நீண்டுகொண்டே இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தூண்டுபவை. வேகமான ஸ்டார்ட்டில் மேற்பரப்பு அழுத்தத்தில் நிரந்தரமாக நசுங்கிவிட்டால், வெப்பம் சமமானபின் அதே இடத்தில் இழுவிசை மிஞ்சிநிற்கும். அடுத்து வரும் நூற்றுக்கணக்கான மணி நேரம் அந்த இழுவிசை க்ரீப்பாகத் தேய்கிறது. பத்து நிமிட அவசரத்துக்கு உலோகம் வாரக்கணக்கில் விலை கொடுக்கிறது.

படி 1: எந்த இடத்தைக் கணக்கிடுவது?

முழு ரோட்டாரையும் கணக்கிட முயலாதீர்கள். விரிசல் எங்கே பிறக்கும் என்று பொதுவாகத் தெரியும்: நீராவி நுழையும் முதல் சில நிலைகளை ஒட்டிய வெப்பத் தளர்வுப் பள்ளங்கள், சூடான நிலைகளில் பிளேடு வேர் உட்காரும் பள்ளத்தின் மூலைகள், சீல் பள்ளங்கள், நடுவில் துளையுள்ள ரோட்டாராக இருந்தால் அந்தத் துளையின் சுவர். ஸ்டாப் வால்விலும் கண்ட்ரோல் வால்விலும் உட்புற மூலைகள். கேசிங்கில் நீராவி நுழைவாய்.

ஒன்றுக்கொன்று வேறுபட்ட இரண்டு மூன்று இடங்கள் போதும். ரோட்டாரின் மேற்பரப்புப் பள்ளம் ஒன்று, துளை இருந்தால் துளைச்சுவர் ஒன்று, ஸ்டாப் வால்வு உடல் ஒன்று. குளிர் ஸ்டார்ட்டில் முதல் அடி பெரும்பாலும் ஸ்டாப் வால்வுக்குத்தான். ஏனென்றால் பாய்லரின் முழு அழுத்தமும் அதன் மேல்தான் நிற்கிறது.

துளைச்சுவரை லேசாக எண்ணக் கூடாது. ஸ்டார்ட்டின்போது அங்கே வெப்ப இழுவிசையும் சுழற்சியின் மையவிலக்கு இழுவிசையும் கூடுகின்றன, அதுவும் உலோகம் இன்னும் குளிர்ந்து உடையும் தன்மையோடு இருக்கும்போது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள கேலட்டின் நிலையத்தின் 225 மெகாவாட் கொண்ட 2-ஆம் அலகில் 1974 ஜூன் 19 அன்று நடந்தது இதுதான். குளிர் ஸ்டார்ட்டில் முழு வேகமான நிமிடத்துக்கு 3600 சுற்றை எட்டுவதற்கு முன்பே, ஏறத்தாழ 3400 சுற்றில் ரோட்டார் வெடித்துச் சிதறியது. துளைக்கு அருகே உலோகத்தில் கலந்திருந்த மாங்கனீசு சல்பைடு கசடுத் திரள்களிலிருந்து, க்ரீப்பும் சோர்வும் சேர்ந்து விரிசலை வளர்த்திருந்தன. அப்போது அந்த ரோட்டார் ஓடியிருந்தது சுமார் 1,06,000 மணி நேரம்.

படி 2: தரவைத் திரட்டுதல், அதைச் சந்தேகித்தல்

தேவைப்படுபவை: பிரதான நீராவியின் வெப்பநிலையும் அழுத்தமும், முதல் நிலைக்குப் பின் உள்ள நீராவி வெப்பநிலை, கேசிங் உலோக வெப்பநிலைகள் (உட்புறம், நடுச்சுவர், மேல், கீழ்), சுழற்சி வேகம், சுமை, டிஃபரென்ஷியல் எக்ஸ்பான்ஷன் (ரோட்டாரும் கேசிங்கும் நீள்வதில் உள்ள வித்தியாசம்). இவற்றோடு அலகு பிறந்த நாளிலிருந்து எல்லா ஸ்டார்ட்டுகளின் பட்டியல். பழைய ஆண்டுகளுக்கு டிஜிட்டல் பதிவு இருக்காது; லாக் புத்தகத்தையும் ட்ரிப் பதிவேட்டையும் கையால் புரட்டத்தான் வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் அதைத் தாவிவிட்டு "ஆண்டுக்குச் சராசரியாக இத்தனை" என்று போட்டால் முழுக் கணக்கும் ஊகமாகிவிடும்.

ஸ்டார்ட்டுகளை வகைப்படுத்துங்கள். இந்திய ஒழுங்குமுறைகளில் வழங்கும் வரையறை: 10 மணி நேரத்துக்குள் மறுபடி கிளப்பினால் ஹாட், 10 முதல் 72 மணி வரை வார்ம், 72 மணிக்கு மேல் கோல்டு. உலோக வெப்பநிலையில் சொன்னால், முழுச் சுமை மதிப்பில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல், 40 முதல் 80 வரை, 40-க்குக் கீழ். மணிக்கணக்கைவிட உலோக வெப்பநிலையையே நம்புங்கள். இன்சுலேஷன் நன்றாக உள்ள டர்பைன் 72 மணி கழித்தும் கணிசமாகச் சூடாக இருக்கும்.

தரவில் அடிக்கடி மாட்டும் மூன்று கோளாறுகள் உண்டு. முதலாவது, சேமிப்புச் சுருக்கம். இடம் மிச்சப்படுத்த, வெப்பநிலை 2 டிகிரி மாறினால்தான் ஹிஸ்டோரியன் (தரவைச் சேமித்துவைக்கும் கணினி) பதிவு செய்யும் என்று அமைத்திருப்பார்கள். அந்தப் படிக்கட்டுத் தரவிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை டிகிரி என்று கணக்கிட்டால், ஒரு கணம் பூஜ்யம், அடுத்த கணம் பயங்கரம் என்று காட்டும். சுருக்காத மூலத் தரவைக் கேளுங்கள். சாதாரண ஓட்டத்துக்கு 1 நிமிட இடைவெளி போதும். ரோலிங் (நீராவியால் ரோட்டாரைச் சுழற்றி வேகமேற்றுவது) தொடங்கி கிரிட்டோடு இணைத்தபின் 20 நிமிடம் வரை 5 அல்லது 10 விநாடி வேண்டும்.

இரண்டாவது, தன்னைச் செருகிய துளையின் அடியைத் தொடாத தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி). ஸ்பிரிங் தளர்ந்து முனை அந்தரத்தில் நின்றால், அளவு குறைவாகவும் தாமதமாகவும் வரும். கணக்கில் இது இல்லாத வெப்பநிலை வித்தியாசத்தை உண்டாக்கும், அல்லது இருப்பதை மறைக்கும். சோதிப்பது எளிது: அலகு பல நாள் நின்று முற்றிலும் குளிர்ந்தபின் எல்லாத் தெர்மோகப்பிள்களும் 2–3 டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாததைக் குறித்து வைத்து, கணக்கிலிருந்து நீக்குங்கள். ஆனால் குளிர்ந்த நிலையில் சரியாகக் காட்டியதாலேயே தப்பித்தது என்று ஆகாது. ஸ்டார்ட்டின்போது பக்கத்துத் தெர்மோகப்பிளைவிட அது எவ்வளவு பின்தங்குகிறது என்றும் பாருங்கள். மூன்றாவது, கே வகைத் தெர்மோகப்பிள். 250 முதல் 550 டிகிரி வரையிலான பகுதியில் நீண்ட நாள் இருந்தால் அதன் அளவு சில டிகிரி நகர்ந்துவிடும். க்ரீப் கணக்கில் அந்தச் சில டிகிரி எவ்வளவு பெரியது என்பதைப் படி 6-இல் பார்ப்போம்.

படி 3: ரோட்டாருக்குள் வெப்பநிலை

சுழலும் ரோட்டாருக்குள் தெர்மோகப்பிள் வைக்க முடியாது. எனவே கணித்தாக வேண்டும். நீண்ட உருளை என்று வைத்து, ஆரத்தின் வழியே மட்டும் வெப்பம் பாய்வதாக எடுத்தால் ஒரு விரிதாளிலேயே செய்துவிடலாம். 250 மி.மீ. ஆரத்தை 10 மி.மீ. வளையங்களாகப் பிரியுங்கள். இந்த எஃகின் வெப்பப் பரவல் எண், சூடான நிலையில் விநாடிக்குச் சுமார் 6.5 சதுர மி.மீ. நேர அடி 1 விநாடி வையுங்கள். 10 விநாடி வைத்தால் கணக்கு நிலைகுலைந்து, வெப்பநிலை மேலும் கீழும் தாவத் தொடங்கும். நீராவி மேற்பரப்பில் நீராக மாறும் கட்டத்தில் 2 விநாடிகூட அதிகம்.

கடினமான பகுதி மேற்பரப்பில் இருக்கிறது. நீராவியிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் எவ்வளவு எளிதாக மாறுகிறது என்பது நிலைக்கு நிலை மாறும். டர்னிங் கியரில் மெதுவாகச் சுழலும்போது ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சில பத்து வாட். முழுச் சுமையில் சில ஆயிரம் வாட். ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் போடுவது புதியவர்கள் செய்யும் பெரிய பிழை.

குளிர் ஸ்டார்ட்டில் நீராவி நீராக மாறுவது தனி ஆபத்து. உலோகத்தின் வெப்பநிலை, அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலைக்குக் கீழே இருக்கும்வரை நீராவி அதன்மேல் நீராக மாறும்; அப்போது வெப்பம் மிக வேகமாக மாறி, மேற்பரப்பு நேராகக் கொதிநிலைக்குத் தாவும். 5 பார் அழுத்தத்தில் கொதிநிலை சுமார் 152 டிகிரி, 10 பாரில் 180, 40 பாரில் 250. ஆக 40 டிகிரியில் இருக்கும் ஸ்டாப் வால்வு மீது 40 பார் நீராவியைத் திறந்தால், உள்சுவர் சில நிமிடங்களில் 200 டிகிரி ஏறுகிறது. நீராவியின் வெப்பநிலையை எவ்வளவு கவனமாகக் கட்டுப்படுத்தினாலும் இது நடக்கும். இங்கே கட்டுப்படுத்த வேண்டியது அழுத்தத்தை. ட்ரெயின் வால்வுகளைத் திறந்துவைத்து, குறைந்த அழுத்தத்தில் வார்மிங் செய்யச் சொல்வதன் காரணம் இதுவே.

கணித்த வெப்பநிலை சரிதானா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: டிஃபரென்ஷியல் எக்ஸ்பான்ஷன். ரோட்டார் கேசிங்கைவிட எவ்வளவு கூடுதலாக நீண்டது என்பதை அது மில்லிமீட்டரில் சொல்கிறது. 4 மீட்டர் நீளத்துக்கு, ரோட்டாரின் சராசரி வெப்பநிலை கேசிங்கைவிட 10 டிகிரி கூடினால் வித்தியாசம் சுமார் 0.56 மி.மீ. உங்கள் மாதிரி தரும் சராசரி வெப்பநிலையிலிருந்து இந்த எண்ணைக் கணக்கிட்டு, மூன்று நான்கு பழைய ஸ்டார்ட்டுகளின் பதிவோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரும்வரை வெப்ப மாற்ற எண்களைத் திருத்துங்கள். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4: வெப்பநிலையிலிருந்து தகைவுக்கு

மேற்பரப்பின் வெப்பத் தகைவைத் தீர்மானிப்பது, குறுக்குவெட்டின் சராசரி வெப்பநிலைக்கும் மேற்பரப்பு வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம். யங் குணகம் 1,75,000 மெகாபாஸ்கல், விரிவு எண் டிகிரிக்கு 10 லட்சத்தில் 14, பாய்சான் விகிதம் 0.3 என்று எடுத்தால், ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 3.5 மெகாபாஸ்கல். இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மேற்பரப்பு நிமிடத்துக்கு 2 டிகிரி வீதம் சீராக ஏறிக்கொண்டிருந்தால், 250 மி.மீ. ஆரத் திண்ம ரோட்டாரில் அந்த வித்தியாசம் 40 டிகிரியில் நிலைக்கும். தகைவு 140 மெகாபாஸ்கல். பள்ளத்தின் அடியில் தகைவுச் செறிவு 2.5 மடங்கு என்றால் 350. நிறுத்தும்போது நிமிடத்துக்கு 1 டிகிரி குளிர்ந்தால் எதிர்த்திசையில் 175. மொத்த வீச்சு 525 மெகாபாஸ்கல், திரிபில் (நீளம் மாறும் விகிதத்தில்) சுமார் 0.3 சதவீதம். இதே ரோட்டாரை நிமிடத்துக்கு 4 டிகிரி வீதம் ஏற்றினால் பள்ளத்தில் 700 வரும். எஃகு அந்த வெப்பநிலையில் அதைத் தாங்காது, நசுங்கிவிடும். அங்கிருந்து மீள்தன்மைக் கணக்கு செல்லாது. நியூபர் விதியைக் கொண்டு உண்மையான திரிபைத் திருத்த வேண்டும்.

ஆரத்தையும் கவனியுங்கள். வித்தியாசம் ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆரம் 250-லிருந்து 350 மி.மீ. ஆனால் அதே ஏற்ற வேகத்தில் வெப்பநிலை வித்தியாசம் இரட்டிப்பாகும். ஒரு டர்பைனுக்குப் பாதுகாப்பான வேகத்தை இன்னொன்றுக்கு அப்படியே எடுக்கக் கூடாது என்பது இதனால்தான்.

ஹாட் ஸ்டார்ட் சுலபமானது என்று பலர் நினைக்கிறார்கள். ரோட்டார் 480 டிகிரியில் இருக்கும்போது 430 டிகிரி நீராவி வந்து, மேற்பரப்பு அதற்கு இறங்கிவிட்டால், 50 டிகிரி வித்தியாசம், 175 மெகாபாஸ்கல், பள்ளத்தில் 437 மெகாபாஸ்கல் இழுவிசை. நிதானமான குளிர் ஸ்டார்ட்டைவிட இது மோசம். எனவே ஹாட் ஸ்டார்ட்டில் நீராவி உலோகத்தைவிடச் சூடாக இருக்க வேண்டும். பொதுவாக 30 முதல் 50 டிகிரி. ஒப்பிட வேண்டியது பிரதான நீராவிக் குழாயின் வெப்பநிலையை அல்ல, கண்ட்ரோல் வால்வில் அழுத்தம் விழுந்து குளிர்ந்தபின் உள்ள வெப்பநிலையை. கிளாண்ட் நீராவியும் (தண்டு கேசிங்கைவிட்டு வெளிவரும் இடைவெளியை அடைக்கும் நீராவி) அப்படியே: சூடான தண்டின் மீது குளிர்ந்த கிளாண்ட் நீராவி பட்டால் சீல் பகுதியில் அதே அடி விழும், அதை யாரும் பதிவு செய்வதுகூட இல்லை.

படி 5: சோர்வுச் சேதம்

தகைவு வரலாற்றை ரெயின்ஃப்ளோ முறையில் சுழற்சிகளாகப் பிரியுங்கள். மட்சுயிஷி, எண்டோ இருவரும் 1968-இல் தந்த இந்த முறை, பெரிய சுழற்சிக்குள் ஒளிந்திருக்கும் சிறு சுமை மாற்றங்களையும் தனியே எடுத்துக் கொடுக்கும். ஒவ்வொரு சுழற்சியின் திரிபு வீச்சுக்கும், விரிசல் பிறக்க எத்தனை சுழற்சி ஆகும் என்பதைப் பொருளின் திரிபு–ஆயுள் வளைவிலிருந்து படியுங்கள். ஒன்றை அந்த எண்ணால் வகுத்தால் ஒரு சுழற்சியின் சேதம். எல்லாவற்றையும் கூட்டுவது மைனர் விதி; கூட்டுத்தொகை 1-ஐ எட்டினால் விரிசல் பிறக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

வளைவைப் படிக்கும்போது இரண்டு பொறிகள். சில வளைவுகளின் அச்சில் முழு வீச்சு இருக்கும், சிலவற்றில் அதன் பாதி. சிலவற்றில் சுழற்சி, சிலவற்றில் அரைச் சுழற்சி. இரண்டில் ஒன்று மாறினாலும் விடை மடங்குக் கணக்கில் தவறும். பிளாஸ்டிக் (மீளாத) திரிபையும் ஆயுளையும் இணைக்கும் கோஃபின்–மான்சன் உறவில் அந்தத் திரிபின் அடுக்கு பெரும்பாலான எஃகுகளுக்கு 0.5 முதல் 0.7 வரை. அதாவது பிளாஸ்டிக் திரிபு இரட்டித்தால் ஆயுள் பாதியாகக் குறைவதோடு நிற்காது, மூன்றில் ஒன்று அல்லது நான்கில் ஒன்றாகிவிடும். வளைவு எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் பிடித்துவைத்துச் சோதித்தது என்றும் பாருங்கள். அறை வெப்பநிலை வளைவை 535 டிகிரி ரோட்டாருக்குப் பயன்படுத்துவது தவறு.

படி 6: க்ரீப் சேதம்

ஓடிய மணி நேரத்தை 5 டிகிரி இடைவெளிப் பெட்டிகளாகப் பிரியுங்கள். சராசரி வெப்பநிலையை மட்டும் எடுத்தால் சேதம் குறைவாகத் தெரியும். காரணத்தை, வெப்பநிலையையும் தாங்கும் நேரத்தையும் இணைக்கும் லார்சன்–மில்லர் உறவு காட்டும். 538 டிகிரியில் 1,00,000 மணி நேரம் தாங்கும் தகைவை எடுத்துக்கொள்ளுங்கள். மாறிலி 20 என்றால், அதே தகைவில் 543 டிகிரியில் சுமார் 70,000 மணி. 548-இல் ஏறத்தாழ 50,000 மணி. பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதி. தெர்மோகப்பிளின் சில டிகிரிப் பிழைக்கு அவ்வளவு அஞ்சுவது இதனால்தான்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஓடிய நேரத்தை, அந்த வெப்பநிலையில் தாங்கும் நேரத்தால் வகுத்துக் கூட்டுங்கள்.

படி 7: கூட்டி, முன்னோக்கிப் பார்த்தல்

முறையைக் காட்ட மட்டும் சில கற்பனை எண்கள். உங்கள் அலகுக்கு உங்கள் எண்களைத்தான் போட வேண்டும். ஒரு கோல்டு ஸ்டார்ட்டின் சேதம் 2,000-இல் 1, வார்ம் 5,000-இல் 1, ஹாட் 10,000-இல் 1 என்போம். இதுவரை 150 கோல்டு, 400 வார்ம், 900 ஹாட்: 0.075, 0.08, 0.09, மொத்தம் 0.245. க்ரீப்: 6,00,000 மணியில் 1,80,000 ஓடியது, 0.30. இரண்டும் சேர்ந்து 0.545.

எல்லை 1 அல்ல. சோர்வும் க்ரீப்பும் ஒன்றையொன்று தூண்டுவதால் அனுமதிக்கும் கூட்டுத்தொகை 1-க்குக் கீழேயே இருக்கும். எவ்வளவு கீழே என்பது எஃகின் வகையைப் பொறுத்தது. இந்த உதாரணத்துக்கு 0.75 என்று வைத்தால் மிச்சம் 0.205. இனி ஆண்டுக்கு 200 ஹாட் ஸ்டார்ட்டும் 6,000 மணி ஓட்டமும் என்றால் ஆண்டுச் சேதம் 0.03, மிச்சம் ஏழு ஆண்டுக்குச் சற்றுக் குறைவு.

இந்த ஒரு எண்ணை மட்டும் எழுதி அறிக்கை கொடுக்காதீர்கள். ஒரே எஃகின் சோதனைத் துண்டுகளே சுழற்சி எண்ணிக்கையில் இரு மடங்கு வரை சிதறும். வெப்பநிலையை 5 டிகிரி கூட்டியும் குறைத்தும், தகைவுச் செறிவை 10 சதவீதம் மாற்றியும் மறுபடி ஓட்டி, குறைந்தது, கூடியது என இரு எல்லைகளாகக் கொடுங்கள்.

படி 8: உலோகத்திடமே கேட்டல்

சிலிண்டர் திறக்கும் ஓவர்ஹாலில் கணக்கைச் சரிபார்க்கலாம். கணக்கு அதிகச் சேதம் காட்டிய பள்ளங்களில் முதலில் காந்தத் துகள் சோதனை, துளை இருந்தால் உள்ளிருந்து அல்ட்ராசோனிக். பிறகு ரெப்ளிகா, அதாவது உலோகப் பரப்பின் நுண்ணமைப்பை ஒரு படலத்தில் அச்சாக எடுப்பது: மேல்தோல் கார்பன் இழந்திருக்கும் என்பதால் அதை நீக்கி, எமரியில் படிப்படியாகத் தேய்த்து, 1 மைக்ரான் வைரப் பேஸ்ட்டில் மெருகேற்றி, நைட்டால் என்ற அமிலக் கரைசலில் அரித்து, அசிட்டோனில் நனைத்த அசிடேட் படலத்தை ஒட்டி உரித்தெடுக்க வேண்டும். மேல்தோலைச் சரியாக நீக்காத ரெப்ளிகா, கெட்ட உலோகத்தை நல்லதாகவோ நல்லதைக் கெட்டதாகவோ காட்டும்.

நுண்ணோக்கியில் தனித்தனிக் குழிகள் மட்டும் தெரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. குழிகள் வரிசையாகத் திசை கொண்டிருந்தால் அடுத்த சோதனையை முன்னே இழுக்க வேண்டும். நுண்விரிசல் தெரிந்தால் பழுதுபார்ப்பு. கடினத்தன்மையையும் அளந்து, புதிதாக இருந்தபோது பதிந்த மதிப்போடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் உலோகம் மென்மையாகியிருக்கிறது, உங்கள் க்ரீப் கணக்கில் புதிய பொருளின் எண்களைப் போடக் கூடாது.

கணக்கு 0.6 என்று சொல்ல ரெப்ளிகாவில் ஒரு குழியும் இல்லையென்றால், மாதிரி மிகையாகச் சொல்கிறதா, ரெப்ளிகா தவறான இடத்தில் எடுக்கப்பட்டதா என்று இரண்டையும் பாருங்கள். குழிகள் க்ரீப்பின் அடையாளம். தூய சோர்வுச் சேதம் குழி காட்டாமலே விரிசலாகும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

சேதம் மேற்பரப்பில் மட்டும் இருந்தால், பள்ளத்தின் அடியில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரைக் கடைந்து நீக்கி, ஆரத்தைப் பெரிதாக்கலாம். சோர்ந்த தோல் போய்விடுவதால் அந்த இடத்தின் சோர்வுக் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கலாம், செறிவும் 2.5-லிருந்து இறங்கும். க்ரீப் கணக்கு மட்டும் பழைய எண்ணிலிருந்தே தொடரும், ஏனென்றால் அது தோலோடு நிற்பதில்லை. கடைந்த தேதி, ஆழம், புதிய ஆரம், அன்றைய ஸ்டார்ட் எண்ணிக்கை நான்கையும் ரோட்டாரின் பதிவேட்டில் எழுதி, மாதிரியிலும் அன்றே மாற்றிவிடுங்கள்.